தோட்டத்துக் குருவிகளைப் பூனையிடமிருந்து காப்பாற்ற விஷமில்லாத வழி உண்டா?

உங்கள் தோட்டத்துக்கு வருவது அடுத்த வீட்டுப் பூனை என்று நினைக்கிறேன். என் விஷயத்தில், பறக்கப் பழகிக்கொண்டிருந்த குஞ்சைக் கவ்விவந்து என் காலடியில் போட்டது நான் வளர்க்கும் பூனையேதான். இரண்டு வருடம் ஆகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

பூனையை விரட்ட அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். டீ ட்ரீ எண்ணெய் (ஒரு மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) தெளிப்பதும் வேண்டாம். 'இயற்கையானது' என்பார்கள், ஆனால் அதைச் செரித்து வெளியேற்ற பூனையின் கல்லீரலுக்குச் சக்தி போதாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே ஆபத்து.

அந்தக் குஞ்சு அகப்பட்டதில் தப்பு என் மேல்தான். நிழலாக இருக்கட்டும் என்று குருவிகளுக்கான தண்ணீர்த் தட்டைப் புதர் ஓரமாக வைத்திருந்தேன். பூனை பதுங்கியிருந்து பாயும் பிராணி. அது பதுங்க நானே இடம் கொடுத்திருக்கிறேன்! அன்று மாலையே தட்டைப் புதரிலிருந்து ஏழு அடி தள்ளி, வெட்டவெளியில் ஒரு கம்பத்தின் மேல் வைத்தேன். கம்பத்தின் நடுவில் தகரத்தைக் கூம்பாக வளைத்துக் கவிழ்த்து மாட்டினேன். ஏறினால் சறுக்கும்.

மணியும் கட்டிப் பார்த்தேன், பலனில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்விலும் (2021) மணியால் பெரிய பலன் தெரியவில்லை. கழுத்தில் பளிச்சென்ற வண்ணத் துணி வளையம் போட்ட பூனைகள் பிடித்துவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் வேட்டையே 25 சதவீதம் குறைந்தது. நான் இரண்டையும் செய்கிறேன். இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டையில்தான் வளையத்தை மாட்ட வேண்டும். அப்புறம், குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் நாட்களில் விடியற்காலையும் அந்தியிலும் பூனை வீட்டுக்குள்தான்.

'வேட்டை அதன் இயல்பு, அடைத்து வைப்பது கொடுமை' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பூனை பசிக்காகக் கொல்வதில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், எனக்கும் அதன் மேல் பாசம் உண்டு. கண் திறக்காத குட்டியாக, அட்டைப்பெட்டியில் வைத்து என் வாசலில் யாரோ விட்டுப்போனது இது. கருத்தடை செய்யாமல் விட்டு, பிறந்ததை அடுத்தவர் வாசலில் போடுகிறவர்களை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சரி, உங்கள் விஷயம். ஆள் அசைவு தெரிந்தால் தண்ணீர் பீச்சும் கருவி கிடைக்கிறது, அது பூனைக்கும் வேலை செய்யும். அதற்கு முன் அடுத்த வீட்டாரிடம் பேசுங்கள். முடிந்தால் அந்தத் துணி வளையத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.