வைகைக் கரையில் 30 பேர் சேர்ந்து குப்பை அள்ள வேண்டுமானால் எப்படித் தொடங்குவது?

முதலில் வண்டியைப் பேசி முடியுங்கள். கையுறை, சாக்கு, ஆள் எல்லாம் அதற்குப் பிறகு.

மதுரை நகருக்குள் ஒரு ஞாயிறு காலையில் நண்பர்கள் 30 பேர் இறங்கி ஆற்றங்கரையைச் சுத்தம் செய்ய நினைப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் கெடுவது அள்ளும்போது அல்ல, அள்ளி முடித்த பிறகு. கரையில் கட்டி வைத்த சாக்குகள் அன்று மதியத்துக்குள் ஆற்றை விட்டுப் போகவில்லை என்றால் மாடும் நாயும் கிழித்துவிடும். பாட்டில் பொறுக்குபவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுக்கச் சாக்கைக் கொட்டிப் பார்ப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு, அவர்கள்மேல் தப்பில்லை. மறுநாள் காலையில் பழைய குப்பையோடு கிழிந்த சாக்குகளும் சேர்ந்து கிடக்கும்.

ஆற்றுப்படுகை நீர்வளத்துறையின் பொறுப்பு. நகர எல்லைக்குள் குப்பையை வாங்கிக்கொள்வது மாநகராட்சியின் வேலை. அதனால் கடிதம் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். காரியம் நடக்கப்போவது என்னவோ அந்த வார்டின் சுகாதார ஆய்வாளர் வழியாகத்தான். அவரை நேரில் பார்த்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வரும்? எந்தச் சாலையில், எந்த இடத்தில் நிற்கும்? மண்ணும் ஈரத்துணியும் கலந்த சாக்கை எடுத்துக்கொள்வார்களா? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஆற்றுக் குப்பை வீட்டுக் குப்பையைப் போல இருக்காது. பாதி எடை மண்ணும் தண்ணீரும்தான். மாநகராட்சி வண்டி உறுதியாகாவிட்டால் 'குட்டி யானை' எனப்படும் சின்னச் சரக்கு வண்டியை வாடகைக்குப் பேசலாம். அது தாங்குவது சுமார் முக்கால் டன். ஈரக் குப்பை போட்ட அரைச் சாக்கு 12 கிலோ என்று வைத்தால் 60 சாக்கு ஒரு நடைக்குச் சரியாக இருக்கும். எங்கே இறக்குவது என்பதை மட்டும் ஆய்வாளரிடம் முன்பே தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள். குப்பை ஏற்றிய தனியார் வண்டியை அவனியாபுரம் வெள்ளைக்கல் கிடங்குக்குச் சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினால் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு.

அடுத்தது இடம். நகருக்குள் இரு கரையிலும் சுவரும் சாலையும் வந்துவிட்டதால், சாக்கோடு மேலே ஏறுவதற்கு எல்லா இடத்திலும் வழி கிடையாது. படித்துறையோ சரிவோ உள்ள இடத்தைப் பார்த்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் 50 மீட்டர் அளந்து கயிறு கட்டுங்கள். 30 பேர் இரண்டரை மணி நேரத்தில் ஒழுங்காக முடிக்கக்கூடியது 100 மீட்டர், மிஞ்சினால் 150. ஆல்பர்ட் விக்டர் பாலத்திலிருந்து குருவிக்காரன் சாலைப் பாலம் வரை என்று அறிவிப்பு போட்டால் மேலே தெரியும் கவர்களை மட்டும் பொறுக்கிக்கொண்டே நடப்பீர்கள். கனமானதெல்லாம் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும்.

செல்லூரில் பந்தல்குடி கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தை முதல்முறைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே கிடப்பது கழிவுநீர்ச் சகதி. காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். மேற்கே கோச்சடைப் பக்கம் தொடங்குவது பல வகையில் நல்லது. படுகை காய்ந்திருக்கும், கழிவுநீர் ஓரளவு குறைவு, குடிநீருக்காகத் தண்ணீர் எடுக்கும் பகுதி என்பதால் செய்யும் வேலைக்கு உடனடி அர்த்தமும் உண்டு.

நாளைக் குறிக்கும் முன் வைகை அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை கொடுப்பார்கள். முதல் எச்சரிக்கை வந்துவிட்டாலே தேதியைத் தள்ளிவையுங்கள். பாசனத்துக்கோ திருவிழாவுக்கோ திறக்கும் தண்ணீர் செய்தித்தாளில் முன்பே வந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்கவே வேண்டாம். தை முதல் பங்குனி வரை வாகான காலம். காலை 6 மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கும். களைத்த கைதான் கண்ணாடியில் படும்.

வாங்க வேண்டியவை. கையுறையில் மலிவான மெல்லிய ரப்பர் வகை அரை மணி நேரம் தாங்காது. உள்ளங்கையில் ரப்பர் பூச்சு உள்ள தடித்த நூல் கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி, கூடுதலாக ஐந்து ஜோடி. சாக்குக்குக் கறுப்பு பாலிதீன் பை வேண்டவே வேண்டாம். ஒரு முள் பட்டால் கிழியும், நாமே இன்னொரு பிளாஸ்டிக்கை ஆற்றில் விட்டதாகும். அரிசிக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் 50 கிலோ காலிச் சாக்கு 80 எடுங்கள். பல் வைத்த இரும்பு வாரி ஆறு, மண்வெட்டி நான்கு, இரும்புச் சட்டி ஆறு, அரிவாள் இரண்டு, நீளமான இடுக்கி ஐந்தாறு, முனை வளைந்த கம்பி மூன்று. கண்ணாடிக்கு 20 லிட்டர் காலி பெயிண்ட் வாளி நான்கு. சாக்கு கட்டச் சணல் கயிறு. குடிநீர் 20 லிட்டர் கேன் மூன்று: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில் 45 லிட்டர் குடிக்க, மீதம் காயம் கழுவ. கை கழுவ உப்புத்தண்ணீர் (ஆழ்குழாய்த் தண்ணீர்) தனியாக இரண்டு குடம், சோப்பு. டம்ளரும் சாப்பாட்டுக்கு வாழையிலையும் கொண்டுபோங்கள். குப்பை அள்ள வந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலும் பேப்பர் தட்டும் பிரிப்பது பார்ப்பவர்களுக்கு எந்தச் செய்தியையும் சொல்லாது.

செருப்போடு யாரையும் இறக்காதீர்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, முழுக்கால் பேண்ட், முழுக்கைச் சட்டை வேண்டும்.

ஆறு ஆறு பேராக ஐந்து குழு. ஒவ்வொன்றிலும் மூன்று பேர் எடுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க, இரண்டு பேர் சுமக்க. அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். முழுச் சாக்கைத் தூக்கினால் அடி கிழியும், இல்லையென்றால் இடுப்பு பிடிக்கும். எதை எடுத்தாலும் உதறி மண்ணைக் கொட்டிவிட்டுத்தான் சாக்கில் போட வேண்டும். ஆற்று மணல் ஆற்றில் இருக்கட்டும், வண்டி நடையும் குறையும். பிரிப்பதை நான்கோடு நிறுத்துங்கள்: கண்ணாடி, பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடிய பாட்டிலும் உலோகமும், துணி, மற்றவை. ஏழெட்டு வகையாகப் பிரிக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கலந்துவிடும்.

இந்த ஆற்றில் அதிகம் சோதிப்பது துணி. திதி கொடுத்துவிட்டும் ஈமக் காரியம் முடித்தும் தலைமுழுகுபவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விடுவது வழக்கம். அது மணலுக்குள் புதைந்து, மேலே ஒரு சாண் முனை மட்டும் தெரியும். பார்த்தவுடன் இரண்டு பேர் பிடித்து இழுப்பார்கள். சேலை பாதியில் கிழிந்து மீதி உள்ளேயே நிற்கும், சில நேரம் இழுத்தவர் பின்னால் விழுவார். சுற்றிலும் ஒரு அடிக்கு மண்ணைத் தள்ளிவிட்டு, வளைந்த கம்பியை அடியில் கொடுத்துக் கிளப்பினால் முழுதாக வரும். நனைந்த சேலைகள் பத்துச் சேர்ந்தாலே ஒருவரால் தூக்க முடியாது, அதனால் கரையில் ஒரு மணி நேரம் விரித்துக் காயவிட்டுக் கட்டுங்கள். அது ஒருவருடைய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ செய்த காரியத்தில் மிஞ்சியது. முகம் சுளித்து, போட்டவர்களைத் திட்டிக்கொண்டே எடுப்பது சரியில்லை. ஆடி, தை அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பு படித்துறையில் காரியம் செய்துவைக்கும் புரோகிதர்களிடம் பேசி, மக்கள் உடை மாற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தொட்டி வைக்கலாம். "துணியை ஆற்றில் விடாதீர்" என்ற பலகையைவிட, "இதில் போடுங்கள்" என்று புரோகிதர் ஒரு வார்த்தை சொல்வது அதிகம் கேட்கும்.

அடுத்த ஆபத்து கண்ணாடி. பாலத்துக்கு அடியிலும் புதர் ஓரத்திலும் மது பாட்டில்கள் கிடக்கும், பாதி உடைந்தவை. உடைந்ததை வாரியால் ஒதுக்கி இடுக்கியால் எடுத்து வாளியில் போட வேண்டும். சாக்கில் போட்டால் சுமப்பவர் தொடையைக் கிழிக்கும், பிறகு அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையையும். பழைய சாமிப் படங்களின் கண்ணாடியும் இதே கணக்கு. ஊசியோ சிரிஞ்சோ கண்டால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, மூடி உள்ள தடித்த கேனில் போட்டு, ஆய்வாளரிடம் தனியாகக் கொடுங்கள். மருத்துவக் கழிவு மூட்டையாகக் கிடந்தால் பிரிக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநகராட்சிக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். கோழிக் கழிவு மூட்டையும் அப்படித்தான். அதைத் திறந்தால் அன்றைய வேலை நின்றுபோகும்.

செய்யக்கூடாதவை சில. கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் மூடிய கால்வாய்க்குள்ளும் ஒருவர்கூடத் தலையை நீட்டக்கூடாது. அங்கே தேங்கும் வாயு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். குப்பையைக் கரையில் கொளுத்தக்கூடாது. பிளாஸ்டிக் புகை ஒருபக்கம், காய்ந்த நாணலில் தீ பிடித்தால் அணைக்கக் கையில் எதுவும் இருக்காது. நாணலையும் கோரையையும் வேரோடு பிடுங்காதீர்கள். குப்பை அதில் சிக்கியிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். வாரியால் மேலாக இழுத்தாலே கவர்கள் வந்துவிடும். ஜேசிபி தருகிறோம் என்று யாராவது முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இயந்திரம் வழித்தால் மேலே கிடந்த பிளாஸ்டிக் ஒரு அடி மண்ணுக்குள் போய்க் கலக்கும், அடுத்த தண்ணீரில் அத்தனையும் மேலே வரும். கட்டட இடிபாடு மலையாகக் கிடக்கும் இடம் மட்டும் இதற்கு விலக்கு.

புதருக்குள் கைவிடும் முன் கம்பால் தட்டுங்கள். பழைய துணிக் குவியலுக்கு அடியில் பாம்பு இருக்கலாம். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கோரிப்பாளையத்தில், ஆற்றுக்கு அருகிலேயே இருக்கிறது. காலில் புண் உள்ளவர்களைக் கரைமேல் எண்ணிக்கை எடுக்க வையுங்கள். எலியின் சிறுநீர் கலந்த சகதி வழியாகத்தான் எலிக்காய்ச்சல் வருகிறது, அதற்குச் சின்னக் கீறல் போதும். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றுச் சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அழுக்கான காயம் பட்டு, கடைசி டிடி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அன்றே போட்டுக்கொள்ள வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு முறைதான் முடியும் என்றால் இரண்டையும் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அணைத் தண்ணீரைச் சில நாள் முன்பே திறப்பார்கள். அந்தத் தண்ணீர் நகரைத் தொடுவதற்கு முன் ஒருமுறை. அப்போது எடுக்காத குப்பை எல்லாம் விரகனூர் மதகணைக்கும் அதைத் தாண்டி மானாமதுரை, பரமக்குடிப் பக்கமும் போய்ச் சேரும். அங்கிருப்பவர்கள் நம் குப்பையை அள்ள வேண்டியிருக்கும். திருவிழா முடிந்த இரண்டு நாளுக்குள் இன்னொருமுறை. தண்ணீர் பாக்கெட், தட்டு, கப் எல்லாம் ஈர மணலில் ஒட்டி ஒரே இடத்தில் கிடக்கும். காய்ந்தால் காற்றில் பறந்து பரவிவிடும், பிறகு பத்து மடங்கு வேலை.

கடைசியாக எண்ணிக்கை. வேலை தொடங்கும் முன், குறித்த 100 மீட்டருக்குள் 10 மீட்டரைத் தனியாகக் கயிறு கட்டி, அதில் கிடப்பதை வகைவகையாக எண்ணச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கு இது பொருத்தமான வேலை. டீ கப், தட்டு, தண்ணீர் பாக்கெட், கைப்பிடிக் கவர், சாஷே, மது பாட்டில், துணி. முதல் நான்கில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் பூசியதும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. கவரில் கடைப் பெயர் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஒரே கடையின் கவர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பொறுமையாகப் பேசலாம். 30 நாள் கழித்து அதே 10 மீட்டரை மறுபடி எண்ணுங்கள். புதிதாகக் கிடப்பதில் பாதி டீ கப் என்றால் மேலே உள்ள டீக்கடைக்குக் குப்பைத்தொட்டி வேண்டும். பாதி வீட்டுக் குப்பைப் பை என்றால் அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி ஒழுங்காக வரவில்லை. இரண்டு முறை எண்ணி எழுதிய தாள்களையும் படங்களையும் இணைத்து, வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதியும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ஒரு பிரதியும் கொடுங்கள். மனுவில் "ஆறு அசுத்தமாக உள்ளது" என்று எழுதாமல், எந்தத் தெரு முனை, எந்தப் பொருள், 30 நாளில் எத்தனை என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.