மாதக் கடைசியில் கார் எடுக்கலாமா?

கேள்வி: புதுக் காரை 29-ஆம் தேதி தருகிறார்கள். 1-ஆம் தேதி வரை பொறுத்தால் ஒரு மாதச் சாலை வரி மிச்சமாகுமா? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மிச்சமாகாது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு வரி மாதக் கணக்கில் இல்லை. பதிவின்போதே ஆயுட்கால வரியாக ஒரே தடவையில் வாங்கிவிடுகிறார்கள் என்பதால், நெல்லையப்பர் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் நாளை உங்கள் சௌகரியப்படி வைத்துக்கொள்ளலாம். (ஆடி கழியட்டும் என்பார் வீட்டுப் பெரியவர், அது வேறு கணக்கு.)

நீங்கள் கவனிக்க வேண்டியது தேதியை அல்ல, விலையை. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். எனவே 9,90,000 ரூபாய்க் காருக்கு 1,28,700 ரூபாய் வரி என்றால், 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800 ரூபாய். விலையில் 20,000 ரூபாய் கூடியதற்கு வரியில் 53,100 ரூபாய் கூடுகிறது. உயர்ரக மாடலுக்குக் கையெழுத்திடும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.