ஆல்டர்னேட்டரை மாற்றும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

கேள்வி: பத்து வருடம் ஓடிய டீசல் கார். பேட்டரி புதுசு. காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரிக்குத் தினமும் போய் வருகிறேன்; ஆனாலும் காலையில் செல்ஃப் திணறுகிறது. இரவில் ஹெட்லைட் மங்கல். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, நானே பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. தினமும் இவ்வளவு தூரம் ஓடும் வண்டியில், புது பேட்டரிக்குச் சார்ஜ் போதாமல் போகக் கூடாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். காலையில் வண்டியைத் தொடும் முன் 12.6 காட்டினால் பேட்டரி நிறைவு; 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். 13.5க்கு மேல் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு.

குறைவாக இருந்தால் உடனே ஆல்டர்னேட்டர் மேல் பழி போடாதீர்கள். பலர் தவறவிடும் சோதனை இது: இன்ஜின் ஓடி, லைட்டெல்லாம் எரியும்போதே மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ரப்பர் மூடிக்குள் இருக்கும் தடித்த நட்டிலும், கறுப்பை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்தின் தலையிலேயே. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதேபோல் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் மைனஸ் கம்பத்துக்கும் இடையே பாருங்கள். இங்கே 0.8 காட்டுகிறதா? ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.4தான் போய்ச் சேரும். இன்ஜினை நிறுத்திவிட்டு, மைனஸிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் துருவோ, கிளாம்புக்கு அடியில் வெள்ளைப் பொடியோ இருக்கும். வெந்நீரும் உப்புத்தாளும் போதும், ஆயிரக்கணக்கில் செலவில்லை. ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் வயரையும் கையையும் விடாதீர்கள்.

இரண்டு பக்கமும் சுத்தம், ஆனாலும் ஆல்டர்னேட்டர் நட்டிலேயே வோல்ட்டேஜ் குறைவா? முதலில் பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், டையோடு போன்ற பாகங்களில்தான் கோளாறு. மெக்கானிக் சொன்னது சரிதான். ஆனால் முழுசாக மாற்றாமல் எலக்ட்ரீஷியனிடம் கழற்றிக் காட்டலாம்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கி 'டெஸ்ட்' செய்ய வந்தால் விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவையே எரித்துவிடக்கூடும்.

சார்ஜ் எல்லாம் சரி, காலையில் மட்டும் இறங்குகிறதென்றால் எங்கோ கசிவு. வண்டியைப் பூட்டி, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் மைனஸ் கம்பத்துக்கும் இடையில் இணையுங்கள். அரை மணி கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் வர வேண்டும். அதுவரை சாவியைத் தொட வேண்டாம். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கூடுதலாக இருந்தால் காரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. வெளியில் வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டத்தையும் ஜிபிஎஸ்ஸையும் முதலில் சந்தேகப்படுங்கள்.