ஆதிச்சநல்லூர் புள்ளி ஸ்ரீவைகுண்டத்தில் விழுவது ஏன்?

அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள இடங்களைப் பழைய வரைபடத்தின் தீர்க்கரேகைப்படி இன்றைய வரைபடத்தில் குறித்தால், பழங்காலப் புதைமேடான ஆதிச்சநல்லூர் கிழக்கே ஸ்ரீவைகுண்டத்தில் விழுகிறது என்கிறீர்கள். பட்டியலைத் தொடாதீர்கள். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த தீர்க்கரேகைகளை மேற்கே சுமார் இரண்டரை நிமிடம் (ஒரு பாகையில் 60 நிமிடம்) நகர்த்துங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் போய் விழும் ஆதிச்சநல்லூர் தன் இடத்துக்கு வந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டு சர்வே வரைபடங்கள் சென்னை வானாய்வகத்தின் பழைய தீர்க்கரேகையை நம்பி வரையப்பட்டவை. அந்த மதிப்பு சற்றுக் கூடுதல். அதனால்தான் நாலைந்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளுகிறது. சரியான திருத்தம் வரைபட ஓரக் குறிப்பிலேயே இருக்கலாம், பாருங்கள்.

அப்புறம் நெல்லையப்பர் கோயிலையும் ஸ்ரீவைகுண்டம் கோயிலையும் குறித்துப் பாருங்கள். இரண்டும் இன்றைய இடத்திலிருந்து கிழக்கே ஒரே அளவு விலகினால் காரணம் இதுதான். வேறுவேறாக விலகினால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய வரைபடத்தைப் பொருத்த நீங்கள் வைத்த புள்ளிகளில் கோளாறு.

ஒன்று மட்டும் கவனம்: தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டிய ஆதிச்சநல்லூர்ப் பறம்பு (புதைமேடு) 114 ஏக்கர். பதிவேட்டில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், ஒரு தாழி (இறந்தவரைப் புதைத்த பானை) எந்தக் குழியில் கிடைத்தது என்று புள்ளி சொல்லாது. பறம்பு முழுவதையும் பரப்பாகவே வரைந்துவிடுங்கள்.