ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யிலிருந்து ஆர்டிஎக்ஸ் 4060-க்கு மாறலாமா?

கேள்வி கேட்டவரிடம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு (கணினித் திரைக்கான காட்சிகளை உருவாக்கும் பாகம்) இருக்கிறது. 1440 பிக்சல் (மேலிருந்து கீழாக 1440 புள்ளி வரிசைகள் கொண்ட) மானிட்டரில் கேம் விளையாடுகிறார், இடையிடையே வீடியோ எடிட்டிங்கும் செய்கிறார். ஆறு ஆண்டுகள் பிந்தி வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ஐ வாங்கினால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியுமா என்பது அவருடைய கேள்வி. இரண்டு கார்டுகளையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பயன்படுத்தியவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: வேகத்துக்காக மட்டும் என்றால் மாற வேண்டாம். பழைய கார்டால் செய்யவே இயலாத வேலைகள் உங்களுக்குத் தேவைப்படுகின்றன என்றால் தாராளமாக மாறுங்கள். ஆனால் 4060 போல 8 ஜிபி நினைவகம் கொண்ட கார்டுக்கு மாறாதீர்கள்.

2017 மார்ச்சில் வெளிவந்த 1080 டிஐ, கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் அன்றைய உச்ச வரிசையைச் சேர்ந்தது. அதில் 3584 கூடா கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 11 ஜிபி நினைவகமும் உள்ளன. அந்த நினைவகத்துக்கான பாதை 352 பிட் அகலமுடையது, நொடிக்கு 484 ஜிபி தரவைக் கடத்த வல்லது. 2023 ஜூன் இறுதியில் வந்த 4060-இல் கோர்கள் 3072, நினைவகம் 8 ஜிபி, பாதையின் அகலம் 128 பிட், கடத்தும் அளவு நொடிக்கு 272 ஜிபி. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் புதிய கார்டு தோற்றுவிடும் என்றே நினைப்பார். அப்படி நடப்பதில்லை. பழையதன் அறிவிக்கப்பட்ட பூஸ்ட் வேகம் 1.58 ஜிகாஹெர்ட்ஸ் என்றால், புதியது 2.4 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடுகிறது. அத்துடன் பழைய சிப்பில் 3 எம்பிக்கும் குறைவாக இருந்த இரண்டாம் நிலை கேஷ் (சிப்புக்குள் உள்ள சிறு வேக நினைவகம்), புதியதில் 24 எம்பியாகப் பெருகியிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், பாதை குறுகலாக இருப்பது பெரும்பாலான நேரங்களில் வெளியே தெரிவதில்லை. 1080 பிக்சல் தெளிவில் 4060 பல கேம்களில் சற்று முன்னே நிற்கிறது. தெளிவு கூடக் கூட, கேஷில் அடங்காத தரவுக்காக நினைவகத்தை நாட வேண்டியிருப்பதால், அந்த முன்னிலை சுருங்கிவிடுகிறது. உங்கள் 1440 மானிட்டரில், நொடிக்கு எத்தனை படங்கள் (பிரேம்கள்) வருகின்றன என்பதைத் திரையின் மூலையில் காட்டச் செய்தால் ஒழிய, எந்தக் கார்டு ஓடுகிறது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

நினைவகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சராசரி பிரேம் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடும் அட்டவணைகளில் இது பெரும்பாலும் அகப்படுவதில்லை. அண்மைக் காலப் பெரிய கேம் ஒன்றில் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) தரத்தை மிக உயர்வாக வைத்துக்கொண்டு 4060-இல் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தபோது, சுவரில் செங்கற்கள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான பழுப்புப் பூச்சுதான் முதலில் தெரிந்தது. சில நொடிகள் கழித்தே செங்கல் வரிகள் தெளிந்தன. திரும்பி நடந்தால் மறுபடியும் அதே மங்கல், கூடவே ஒரு சிறு திணறல். அதே இடத்தில், அதே அமைப்புகளோடு, பழைய கார்டில் செங்கற்கள் முதலிலிருந்தே தெளிவாக இருந்தன. 8 ஜிபி நிரம்பியதும் மீதித் தரவு கணினியின் பொது ரேமுக்குத் தள்ளப்படுகிறது, தேவைப்படும்போது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) வழியாகத் திரும்பி வருகிறது. அந்த வழியும் 4060-இல் குறுகலானதே: 1080 டிஐ பயன்படுத்தும் 16 லேன்களுக்குப் (தரவுத் தடங்களுக்குப்) பதிலாக இதில் 8 லேன்கள் மட்டுமே உள்ளன. பிசிஐஇ 4.0 மதர்போர்டாக இருந்தால் ஒரு லேனின் வேகம் இரட்டிப்பாவதால் பாதிப்பு இல்லை. 1080 டிஐ வாங்கிய காலத்து மதர்போர்டு என்றால் அது பெரும்பாலும் 3.0 ஆகத்தான் இருக்கும். அதில் 4060-க்குக் கிடைப்பது பழைய கார்டுக்குக் கிடைத்ததில் பாதி. கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

இனி, பழைய கார்டு உண்மையிலேயே பின்தங்கும் இடங்கள். ரே டிரேசிங்குக்கான (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு ஒளியையும் நிழலையும் காட்டும் முறை) தனிக் கோர்களோ, ஏஐ கணக்குகளுக்கான டென்சர் கோர்களோ 1080 டிஐ-யில் இல்லை. எனவே குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதில் ஓடாது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அதே வகை வசதியான எஃப்எஸ்ஆர் ஓடும், ஆனால் அதன் இரண்டாம் பதிப்பில் மெல்லிய கம்பிகளும் தலைமுடியும் அசையும்போது ஏற்படும் மினுமினுப்பு டிஎல்எஸ்எஸ்ஸில் வெகுவாகக் குறைவு. 4060-இல் உள்ள, இடைச்செருகலாகப் பிரேம்களை உருவாக்கும் வசதியைப் பற்றி விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன. ஏற்கெனவே நொடிக்கு 60 பிரேமுக்கு அருகில் ஓடும் கேமை அது மேலும் வழுவழுப்பாக்குகிறது என்பது உண்மைதான். 30-இல் திணறும் கேமை அது காப்பாற்றாது, மவுஸை அசைத்த பிறகு திரை அசையும் தாமதம் குறையாது. தவிர, அந்த வசதிக்கும் நினைவகத்தில் ஒரு பங்கு தேவை.

இதைவிடக் கவலை தருவது, சில கேம்கள் பழைய கார்டுக்குக் கதவையே அடைத்துவிடுவது. 2023-இல் வந்த ஆலன் வேக் 2, பொருள்களின் வடிவங்களைத் தயாரிக்கும் மெஷ் ஷேடர் என்ற புதிய வசதியை எதிர்பார்த்து எழுதப்பட்டதால் வெளியான நாள்களில் இந்தத் தலைமுறைக் கார்டுகளில் மிக மோசமாக ஓடியது. பின்னர் வந்த பேட்ச் ஒன்றுதான் நிலைமையை ஓரளவு சீராக்கியது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதில்லை. டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) நிலவரமும் அப்படித்தான்: இந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியீடுகளை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது, அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு கார்டு இப்படி ஒதுக்கப்படுவது எனக்கு உவப்பாக இல்லை, ஆனால் முடிவெடுக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

வீடியோ எடிட்டிங்கைப் பொறுத்தவரை 4060-க்குத் தெளிவான வெற்றி. ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவத்தைக் கார்டிலேயே என்கோடும் (சுருக்குவது) டிகோடும் (விரிப்பது) செய்கிறது; 1080 டிஐ இரண்டையும் செய்யாது, பிராசஸர்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். மின்சாரத்திலும் அப்படியே: 250 வாட்டுக்கு எதிராக 115 வாட். முழுச் சுமையில் ஏழரை மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் மிச்சம். ஃபேன் சத்தமும் அறை வெப்பமும் குறைவதை முதல் நாளே உணரலாம்.

ஆகவே, ஏவி1 உங்களுக்குத் தேவையில்லை, மேலே சொன்னது போன்ற கேம்களில் ஆர்வம் இல்லை என்றால், பழைய கார்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்துத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். மாறுவதாக இருந்தால் 12 ஜிபியோடு நொடிக்கு 504 ஜிபி கடத்தும் ஆர்டிஎக்ஸ் 4070-ஐ, அல்லது அதற்குப் பின் வந்தவற்றில் 12 ஜிபிக்குக் குறையாத கார்டைப் பாருங்கள். 4070-க்கும் பழையதைவிடக் குறைவாக 200 வாட்டே போதும், 16 லேன்களும் உண்டு. அப்படியும் 4060-ஐயே நினைத்தால், வாங்குவதற்கு முன், நீங்கள் அதிகம் விளையாடும் கேமை வழக்கமான அமைப்புகளோடு அரை மணி நேரம் ஓடவிட்டு, அது எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். கேம்கள் தேவைக்கு மேல் ஒதுக்கிக்கொள்வது உண்டு என்பதால் 8 ஜிபியைச் சற்றுத் தாண்டுவது மட்டும் போதிய சான்றாகாது. தொடர்ந்து 10 ஜிபிக்கு அருகில் நின்றால் 4060-ஐப் பரிசீலனையிலிருந்தே எடுத்துவிடலாம்.