கடல் தண்ணீரில் முட்டை மூழ்கியது ஏன்?

டீச்சர், முட்டம் கடல் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று சொல்லி, அது மூழ்கியதும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புதான். புது முட்டையைத் தூக்க அது போதாது. அதே தண்ணீரில் கல்லுப்பை ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு, கரையும்வரை கலக்கி, எத்தனையாவது ஸ்பூனில் முட்டை எழும்புகிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம் (நான் ஒருமுறை பாக்கெட்டோடு கொட்டியவன்).

முடிந்தால் சாமித்தோப்புப் பக்கம் உப்பளத்தில், உப்பு விளையும் பாத்தித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கேட்டு வாங்குங்கள். அதில் போட்டதுமே மிதக்கும். வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு செறிவதைப் பிள்ளைகள் அங்கேயே பார்க்கலாம். பழைய முட்டை எடுக்காதீர்கள். உள்ளே காற்று கூடியிருக்கும், சீக்கிரமே எழும்பிக் கணக்கைக் கெடுத்துவிடும்.