மலைக்கு எடுத்துப்போகும் ஹாம் செட்டுக்கு எந்த பேட்டரி?

மூணாறு பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹாம் லைசென்ஸ் (அமெச்சூர் ரேடியோ உரிமம்) கைக்கு வந்துவிட்டது. பழைய எஃப்டி-818 ரேடியோ செட் ஒன்று வைத்திருக்கிறேன். லீவு நாளில் டாப் ஸ்டேஷன் பக்கம் போய் நாலு மணி நேரம் 7 மெகாஹெர்ட்ஸில் பேச ஆசை. யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி இருக்கிறது. அதுவே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா? நண்பரின் 100 வாட் செட்டையும் அதில் ஓட்டலாமா? மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் உதவ வேண்டும்."

முதலில் பதில். 818-க்கு 12.8 வோல்ட், 6 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். முடிந்தால் ஒன்றல்ல, இரண்டு. நண்பரின் செட்டுக்கு இது ஆகாது. யுபிஎஸ் பேட்டரியை மலைக்குத் தூக்க வேண்டாம். இனி காரணங்கள்.

உங்கள் செட் எவ்வளவு குடிக்கிறது என்பதில் இருந்து தொடங்குவோம். 818 சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பேசும்போது சுமார் இரண்டரை ஆம்பியர். ஹாமில் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு என்று வையுங்கள். நாலு மணி நேரத்தில் பேச்சுக்கு 2 ஏஎச், கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஏஎச், ஆக மூன்றரை. இதுவும் தாராளமான கணக்குதான். எஸ்எஸ்பி என்ற பேச்சு முறையில் குரல் எழும்பும்போது மட்டுமே முழுக் கரண்ட் போகும். கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையைப் பழகினால் கணக்கு மாறும். அதில் 15 விநாடி அனுப்புவது, 15 விநாடி கேட்பது என்று மாறி மாறி ஓடும், அனுப்பும் நேரம் பூராவும் முழு பவர். அப்போது இதே நாலு மணி நேரத்துக்கு 6 ஏஎச் பேட்டரி மட்டுமட்டாகத்தான் வரும். பவரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரைதானே, 7 ஏஎச் இருக்கிறதே என்று தோன்றும். லெட் ஆசிட் பேட்டரியின் மேல் அச்சிட்ட எண் 20 மணி நேரக் கணக்கு. அதாவது 0.35 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் 7 கிடைக்கும். இரண்டரை ஆம்பியர் இழுத்தால் அந்த அளவு வராது. அதிலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, புதிய பேட்டரியிலேயே நம்பி எடுக்கக்கூடியது மூன்றரைதான். உங்களுடையதோ யுபிஎஸ்ஸில் இருந்து வந்தது. பெரும்பாலும் அங்கே பேக்கப் நிற்காமல் போன பிறகுதான் கழற்றுவார்கள். போதாததற்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை. வீட்டில் எல்இடி விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் செட் கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. லேப்டாப்பிலும் பவர் டூலிலும் வரும் லித்தியம் அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட். 818-க்கு வெளி சப்ளை 8 முதல் 16 வோல்ட் வரை ஆகும் என்பதால் அது ஓடும். நாலு செல் இணைத்தால் முழுச் சார்ஜில் 16.8. இது 818-இன் எல்லையையும் தாண்டும், பெரிய செட்டின் எல்லையையும் தாண்டும். கடைக்காரர் 14.8 வோல்ட் பேக் என்று காட்டினால் வாங்காதீர்கள்.

அயர்ன் பாஸ்பேட் செல் 3.2 வோல்ட். நாலு சேர்ந்தால் 12.8. சார்ஜ் முடியும் நேரத்தில் 14.6 வரை ஏறி, சார்ஜரைக் கழற்றியதும் 13.3, 13.4 பக்கம் வந்து நிற்கும். ஹாம் செட்டுகள் 13.8 வோல்ட்டை நம்பிச் செய்யப்பட்டவை. அதற்கு மிக அருகில் நிற்பது இந்த வகைதான். தீரும் வரைக்கும் வோல்ட்டேஜ் பெரிதாக இறங்காது, கடைசியில் சட்டென்று விழும். அதனாலேயே வோல்ட் மீட்டரை வைத்து மீதி எவ்வளவு என்று சொல்லவும் முடியாது. போன ஆம்பியரைக் கூட்டிக் காட்டும் சின்ன வாட் மீட்டர் ஒன்றை வயரில் சேர்த்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது? ஹாமுக்கு என்று தனியாக விற்பதைத் தேட வேண்டாம். சோலார் தெருவிளக்குக்கு வரும் 12.8 வோல்ட், 6 ஏஎச் பேக் இதற்குச் சரியாகப் பொருந்தும். கோயம்புத்தூரிலோ எர்ணாகுளத்திலோ சோலார் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கும். உள்ளே பெரும்பாலும் 32700 என்ற தடித்த உருளை செல் நாலு இருக்கும். ஒரு செல்லே 140 கிராம் பக்கம் வரும். அதனால் பேக்கைத் தராசில் வைத்துப் பாருங்கள். 6 ஏஎச் என்று சொல்லி 400 கிராம்தான் வந்தால் உள்ளே இருப்பது வேறு. இணையத்தில் 18650 செல்லுக்கு 9900 எம்ஏஎச் என்று போட்டு விற்பதையும் நம்ப வேண்டாம். நல்ல செல்லிலேயே 3500-ஐ ஒட்டித்தான் வரும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்பது. செல்களைக் காக்கும் அந்தச் சின்ன சர்க்யூட் தன் எல்லையைத் தாண்டினால் அப்படியே இணைப்பைத் துண்டிக்கும். தெருவிளக்கு பேக்கில் அது 5, 10 ஆம்பியர்தான் இருக்கும். 818-க்குப் பிரச்சினை இல்லை. 100 வாட் செட் முழு பவரில் 20 ஆம்பியருக்கு மேல் கேட்கும், நண்பர் மைக்கை அழுத்திப் பேசத் தொடங்கியதும் செட் அணைந்துவிடும். அவருக்கு 20 ஏஎச் பேக், 30 ஆம்பியர் தாங்கும் பிஎம்எஸ், அதோடு தடித்த வயர் வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு மீட்டர் தூரம் 20 ஆம்பியர் போனால், போக வர ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். செட்டுக்குக் குறைந்தது 11.7 தேவை என்னும்போது அது பெரிய இழப்பு. மலையில் 25 வாட்டுக்குக் குறைத்துப் பேசச் சொல்லுங்கள். எதிர்முனையில் சிக்னல் பலம் ஒரு எஸ் யூனிட், அதாவது மீட்டரில் ஒரு படிதான் குறையும்.

இப்போது மழைக்காலம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்கள் புதைந்தன. 70 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, செய்தி வெளியே வர மறுநாள் காலையானது. அந்த மலையில் லைசென்ஸோடு ஒரு ஹாம் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதனால்தான் இரண்டு பேட்டரி என்றேன். 12 ஏஎச் ஒன்றாக வாங்கினால் ஞாயிறு மாலை நீங்கள் டாப் ஸ்டேஷனில் இருந்து திரும்பும்போது அது ஓரளவு காலியாக இருக்கும், அன்று இரவே கரண்ட் போகலாம். 6 ஏஎச் இரண்டு இருந்தால் ஒன்று பையில், ஒன்று எப்போதும் நிறைந்து வீட்டில். இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கவே 5 ஏஎச் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். வீட்டில் இருப்பதை ஜூன் முதல் நவம்பர் வரை முழுச் சார்ஜில் வையுங்கள், அப்புறம் பாதி அளவில் வைத்தால் போதும். இரண்டையும் பேரலலாக இணைக்க வேண்டாம். ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் இருந்தால் கரண்ட் தாறுமாறாகப் பாயும்.

சார்ஜருக்கும் பேட்டரிக்கும் பொருத்தம் வேண்டும். 14.6 வோல்ட், அயர்ன் பாஸ்பேட் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, உங்கள் ஊரில் ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த செல்லிலிருந்து கரண்ட் எடுக்கலாம், ஆனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். இரவு வாசலில் கிடந்த பேட்டரியை விடிந்ததும் சார்ஜில் போடாமல், வீட்டுக்குள் வைத்து வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.

சோலார் பேனல் சேர்க்க நினைத்தால் கன்ட்ரோலரைக் கடையிலேயே சோதியுங்கள். மலிவானவை 7 மெகாஹெர்ட்ஸில் பெரும் இரைச்சல் கிளப்பும். பவர் பேங்கின் வோல்ட்டேஜை ஏற்றித் தரும் கன்வெர்ட்டர்களும் அப்படித்தான். செட்டை பேட்டரியில் ஓட்டி, கன்ட்ரோலரை மாட்டியும் கழற்றியும் எஸ் மீட்டரைப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஃப்யூஸ் இல்லாமல் பையில் போடாதீர்கள். பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 818-க்கு 5 ஆம்பியர். செட் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் நசுங்கும்போது அது காக்காது. கனெக்டருக்கு எக்ஸ்டி60 நல்லது, தலைகீழாகச் செருக முடியாது. முனைக்கு மூடியும் வாங்கிக்கொள்ளுங்கள், பையில் சாவிக்கொத்து பட்டால்கூட ஷார்ட் ஆகிவிடும்.